கடைசி உதை

நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது. பழைய வீடியோ கேம் பெட்டி. இரண்டு ஸ்டிக், பக்கத்துக்கு ஆறு பட்டன், நடுவில் தூசி படிந்த திரை. "யாருக்கெல்லாம் ஞாபகம் இருக்கு?" என்று கீழே ஒரு கேள்வி. உடனே ஆளாளுக்குச் சிவப்பு இதயம், கைதட்டல், அழுகிற பொம்மை. நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டோம் அல்லவா, எதைப் பார்த்தாலும் நமக்கு அழுகை வந்துவிடுகிறது. நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. கோபமா என்று ஒருத்தி தனியாகக் கேட்டாள். ஆமாம், கோபம்தான். ஆனால் உங்கள் மேல் இல்லை. ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டீர்கள். இருக்கிறது. சொல்லித் தொலைக்கிறேன்.

என் அண்ணனை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அவன் வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியே இருக்கும், நிமிராது. ஏதோ விபத்து என்று நினைத்திருப்பீர்கள். விபத்தும் இல்லை, மண்ணும் இல்லை. ஒரு மழைக்காலம் முழுக்க, எங்கள் கண்ணெதிரே, கொஞ்சம் கொஞ்சமாக அந்த இரண்டு விரலும் போயின. வீடு நிறையப் பெரியவர்கள் இருந்தார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கடலூர் முதுநகரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். சைக்கிள் வியாபாரம் படுத்ததும் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு கேம் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். கடைக்குள் ஒரே ஒரு ஜன்னல், அதையும் பலகை வைத்து அடைத்துவிட்டார், வெளிச்சம் பட்டால் திரை தெரியாது என்று. உள்ளே போனால் சூடான வயர் வாசனை, சைக்கிள் கிரீஸ் வாசனை, துறைமுகப் பக்கமிருந்து வரும் கருவாட்டு வாசனை, அத்தனைக்கும் மேல் வேர்வை. வெள்ளிக்கிழமை பெட்டிக்கு ஊதுபத்தி உண்டு. ஆயுத பூஜைக்குத் திரையிலேயே குங்குமம் வைத்துவிட்டார். ஒரு வாரம் நாங்கள் அந்தக் குங்குமத்துக்குப் பின்னால் நின்று சண்டை போட்டோம். பெண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்க ஆளில்லை. மாமா கடை, நான் போவேன், ஸ்டிக்கைப் பிடிப்பேன், எவனாவது சிரித்தால் அவனையும் தோற்கடிப்பேன்.

நான் ஏழாம் வகுப்பு. அண்ணன் ஒன்பது. அந்தத் தெருவில் அவனை அடிக்க ஆள் கிடையாது.

இன்றைக்குப் பிள்ளைகள் காம்போ என்கிறார்கள். நாங்கள் செயின் என்போம். ஒரு அடி விழுந்து எதிராளி சுதாரிப்பதற்குள் அடுத்த அடி, அதற்குள் அடுத்தது, அவன் கையை ஓங்கவே முடியாது. இரண்டடிச் செயின் எல்லோருக்கும் வரும். மூன்றடி வந்தால் பெரிய ஆள். அண்ணன் ஏழடிச் செயின் கண்டுபிடித்தான். குதித்து ஒரு உதை, இறங்கியதும் குனிந்து இரண்டு குத்து, இரண்டாவது குத்து முடியும் முன்பே ஸ்டிக்கைக் கீழிருந்து முன்பக்கம் உருட்டி நெருப்பு; அந்த நெருப்பே மூன்று அடி அடிக்கும். எதிராளி தூக்கிப்போட்ட சாக்கு மாதிரி மேலே எழும்பி விழுவான். விழுகிறவன் தரையைத் தொடுவதற்குள் பெரிய உதை. அதுதான் கடைசி. அந்தப் பட்டன் கீழ்வரிசையில் வலது ஓரத்தில் இருந்தது.

மற்றப் பையன்கள் ஆள்காட்டி விரலால் எல்லாப் பட்டனையும் குத்துவார்கள். அண்ணன் நான்கு விரலையும் பட்டன்கள் மேல் பரப்பி வைத்திருப்பான், ஆர்மோனியம் வாசிக்கிற மாதிரி. வலது ஓரம் சுண்டுவிரலின் வேலை. எல்லோர் கையும் வேர்த்து பட்டன் வழுக்கும், ஆட்டத்துக்கு ஆட்டம் சட்டையில் துடைப்பார்கள். அண்ணன் வைத்திருந்த அந்த ஓரப் பட்டன் மட்டும் எப்போதும் காய்ந்து கிடக்கும். அந்த இரண்டு விரலிலும் வேர்வையே வராது.

"என்னா கைடா மச்சான் உனுக்கு! ராசியான கைடா!"

பையன்கள் அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். விளையாட்டுக்குத்தான். எனக்கோ பெருமை தாங்காது.

முழங்கைக்குக் கீழே அவனுக்கு ஒரு வெளிறிய படை இருந்தது. அகலம் கொட்டைப்பாக்கு அளவு. அம்மா அதைத் தேமல் என்றாள். "உப்புத் தண்ணில போயி ஆடாத ஆடாதன்னா கேக்குறியா? தோ, தேமலு வந்துருக்கு பாரு." குப்பைமேனியை உப்பு வைத்து அரைத்துத் தேய்த்தாள். எங்கள் தெருவில் எந்தப் பிள்ளைக்குத்தான் தேமல் இல்லை? எனக்குக் கழுத்தில் இருந்தது. என் தேமலில் அந்த உப்பு பட்டால் சுள்ளென்று எரியும், நான் வீட்டைச் சுற்றி ஓடுவேன். அண்ணன் கையை நீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். "பாருடி, உங்கண்ணன் எவ்ளோ பொறுமையா இருக்கான்" என்று எனக்குத் திட்டு விழும்.

ஆடி மாதத்தில் பள்ளிக்கு ஆட்கள் வந்தார்கள். பிள்ளைகளின் தோலைப் பார்ப்பவர்கள். வரிசையில் நிறுத்தி, சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகையும் கையையும் பார்த்தார்கள். முந்தின நாளே அறிவிப்பு வந்துவிட்டது. அம்மா அண்ணனை அனுப்பவில்லை. அந்தச் சமயம் மாமாவுக்குச் சிதம்பரத்தில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். வயது முப்பதைத் தாண்டியவர், கேம் கடை வைத்திருப்பவர். எந்தப் பெண் வீடும் சட்டென்று தலையாட்டவில்லை, இது ஒன்றுதான் கூடி வந்தது. "நாலு பேரு எதுர்ல சட்டயக் கழட்ட வச்சி, தேமலப் பாத்து என்னா ஏதுன்னு எழுதிக்கினு போவாங்க. இங்க எழுதுனா பொழுது சாயறதுக்குள்ள சிதம்பரத்துக்குப் போயிடும். ஒண்ணும் வேணாம், வயித்து வலின்னு சொல்லிடு" என்றாள். அண்ணனுக்குக் கொண்டாட்டம். அன்று பகல் முழுக்கக் கடையில் இருந்தான்.

தொழுநோய். பேரைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, "அது" என்பார்கள். அதற்கு மாத்திரை இருந்தது. அப்போதே இருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் காசு வாங்காமல் கொடுத்தார்கள். அந்த ஆடியிலேயே மாத்திரை வாயில் விழுந்திருந்தால் விரல் தப்பியிருக்கும் என்று பிற்பாடு டாக்டரே சொன்னார். வயிற்று வலியாம்! நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆவணியில் கடைசி உதை தவறத் தொடங்கியது.

ஆறடியும் சரியாக விழும். எதிராளி மேலே எழும்புவான். விழுவான். உதை வராது. வந்தாலும் அவன் தரையைத் தொட்டு எழுந்த பிறகு வரும். அண்ணன் பட்டனைத்தான் திட்டினான். மாமா பெட்டியின் பின்கதவைத் திறந்து, பட்டனைக் கழற்றி, புது ஸ்பிரிங் போட்டார். அப்படியும் வரவில்லை. அடியிலிருந்த சுவிட்சையே மாற்றினார். அப்படியும் வரவில்லை. "பாண்டிக்காரன் ஏமாத்திட்டான், டூப்ளிகேட்டு" என்று அவனுக்கு இருக்கிற வசவெல்லாம் கொடுத்தார். நான் எக்கி நின்று அந்தப் பட்டனை அழுத்திப் பார்த்தேன். உதை பளிச்சென்று விழுந்தது.

"மாமா, எனக்கு விழுதே."

"உனுக்கு விழும்டி. நீ அழுத்துறது மெதுவா. அவன் அழுத்துற வேகத்துக்கு இது தாங்கல."

நல்ல காரணம்தான். எல்லோரும் தலையாட்டினார்கள், நானும்தான்.

மாமா கழற்றி மாட்டியதில் பட்டனின் விளிம்பு உடைந்து பிளாஸ்டிக் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அண்ணன் ஆடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்றவன் "டேய், ரத்தம்டா" என்றான். பலகையெல்லாம் சிவப்பு. சுண்டுவிரல் நுனி வாய் பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வலிக்கலயாடா?"

"வலியா? எனுக்கா?" என்று சிரித்தான்.

கடையே கத்தியது, விசில் அடித்தது. ஒருவன் அவனைத் தூக்கிச் சுற்றினான். தூக்கியபோது அவன் விரலிலிருந்து சொட்டிய ரத்தம் என் பாவாடையில் விழுந்தது. வீட்டுக்குப் போனதும் அம்மா கண்ணு பட்டுவிட்டது என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். மிளகாய் நெடி வரவில்லை, பார், எவ்வளவு பெரிய கண்ணு என்றாள்.

அதற்குப் பிறகுதான் அண்ணன் எனக்குச் செயின் கற்றுக்கொடுத்தான். ஏன் என்று கேட்டதற்கு, "என் வெரலு ரெண்டும் தூங்குதுடி. அது முழிக்கற வரைக்கும் நீ அடி" என்றான். சாதாரணமாகச் சொன்னான். கால் மரத்துப்போனால் நாம் சொல்வோமே, அப்படி.

அவன் கற்றுக்கொடுத்த விதத்தை இப்போதும் மறக்கவில்லை. கையைப் பார்க்கவிட மாட்டான். "பட்டனப் பாக்காத. திரையையும் ரொம்பப் பாக்காத. சத்தத்தக் கேளு. குத்து விழுற சத்தம் முடியறதுக்கு முன்னாடி ஸ்டிக்க உருட்டிடணும். முடிஞ்சப்பறம் உருட்டுனா அவன் முழிச்சுக்குவான்." எனக்கு நெருப்பே வரவில்லை. ஸ்டிக்கைக் கீழிருந்து முன்பக்கம் உருட்டச் சொன்னால் நான் மேலே வரைக்கும் இழுத்துவிடுவேன், என் ஆள் பைத்தியக்காரன் மாதிரி குதிப்பான். "ஐயோ, தவக்கள!" என்று தலையில் அடித்துக்கொள்வான். பெருவிரலின் அடியில் கொப்புளம் வந்து உடைந்தது, சாதம் பிசைய முடியாமல் கரண்டியால் தின்றேன். விட்டேனா? மழை பிடித்துக்கொண்ட சமயம், பள்ளி பாதி நாள் லீவு, தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. திரை ஒரு தடவை நடுங்கி அணைந்தால் ஆடிய ஆட்டம் போச்சு. அந்த இருட்டுக் கடையில் ஒரு நாள் சத்தம் எனக்குப் பிடிபட்டது. குத்து, குத்து, உருட்டல், நெருப்பு. எதிராளி மேலே போனான், விழுந்தான், என் உதை விழுந்தது. ஏழு. அண்ணன் என் முதுகில் ஓங்கி அறைந்து "அடிச்சிட்டாடா எந்தங்கச்சி!" என்று கத்தினான். என் வாழ்க்கையில் நான் வாங்கிய பட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிறகு இருவரும் சேர்ந்தே ஆடினோம். ஆறடி அவனுடையது. ஏழாவது அடிக்கு நான் அவன் வலது பக்கம் நின்று பட்டனில் விரலை வைத்திருப்பேன். யாராலும் எங்களை அசைக்க முடியவில்லை. என் விரல் அவன் சுண்டுவிரலை உரசும். அது உரசுவது அவனுக்குத் தெரியாது. நான் இருக்கிறேனா என்று கண்ணால் பார்த்துக்கொள்வான்.

ஐப்பசியில் மாமாவின் கல்யாணப் பேச்சுக்குச் சிதம்பரம் போனோம். கல்யாணம் தையில் என்று முடிவானது. சாப்பாட்டுக்குப் பிறகு மாமா எங்களை அங்கிருந்த கேம் கடைக்கு அழைத்துப்போனார். மூன்று பெட்டி வைத்த பெரிய கடை. கடலூர் கை எப்படி என்று காட்ட வேண்டும் அவருக்கு. எதிரே நின்றவன் மெடிக்கல் காலேஜ் மாணவன், கண்ணாடி போட்டவன், அந்தக் கடையில் அவன்தான் பெரிய கை. இரண்டு பேர் ஒரு பக்கம் ஆடக் கூடாது என்று என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

ஆளுக்கு ஒரு ஆட்டம். மூன்றாவதில் இரண்டு பேருக்கும் உயிர் நூலளவுதான் பாக்கி. அண்ணன் குதித்தான். செயின் ஆரம்பித்தது. ஆறு அடியும் விழுந்தது. மாணவனின் ஆள் மேலே எழும்பி, விழுந்து, எழுந்து நின்றான். ஒரு குத்து. முடிந்தது.

ஜெயித்தவன் சிரிக்கவில்லை. அவன் திரையைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் இருந்த அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, இந்த வெரல அந்த வெரலோட ஒட்டி வை."

அண்ணன் வைக்கப் பார்த்தான். சுண்டுவிரல் விலகியே நின்றது. மாணவன் சட்டைக் கையை மேலே தள்ளினான், படையைப் பார்த்தான். முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்து உருட்டிப் பார்த்தான். அவன் முகம் மாறியது. மாமாவை வெளியே கூப்பிட்டான், நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கே இவன எங்க சாருகிட்ட கூட்டியாங்க. தோல் டாக்டரு. லேட் பண்ணாதீங்க. முழங்கை நரம்பு கயிறு மாதிரி தடிச்சிருக்கு."

"தோலுக்கும் நரம்புக்கும் என்னாய்யா சம்மந்தம்?"

"நான் படிக்கிறவன்தான், பேரு சொல்ற தகுதி எனுக்கில்ல. ஆனா கூட்டியாங்க."

மாமா தெருவின் இரு பக்கமும் பார்த்தார். பெண் வீடு அடுத்த வீதியில் இருந்தது. "ஜெயிச்சிட்டல்ல? அதோட போ. தோத்த புள்ளயப் புடிச்சி நக்கல் பண்ணாத" என்று எங்களை இழுத்துக்கொண்டு நடந்தார். பஸ்ஸில் பரங்கிப்பேட்டைப் பிரிவு தாண்டியதும் சொன்னார்: "இது வூட்ல யாருக்கும் தெரிய வேணாம். கல்யாணம் முடியட்டும்."

நான் அடங்குகிற ஆளா? அன்று சாயங்காலமே அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தினாள். வாயைக் கழுவு என்று அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமலே "கல்யாணம் முடியட்டும்டி" என்றாள். மறுபடி புடைக்கத் தொடங்கினாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அவளுக்குப் புதிதாக நான் எதையும் சொல்லியிருக்கவில்லை.

கார்த்திகையில் விரல்கள் மடங்கத் தொடங்கின. நகம் உள்ளங்கையைப் பார்த்துத் திரும்பியது. பேனா நழுவியது. "கேமு ஆடி ஆடி வெரலு கோணிக்கிச்சு" என்று அக்கம்பக்கத்தில் அம்மா சொல்லிவைத்தாள். நம்பாதவர் ஒருவரும் இல்லை. கேம் ஆடினால் கண் போகும், புத்தி போகும் என்று நம்பியவர்களுக்கு விரல் போவது பெரிய விஷயமா? கடைக்குப் போகக் கூடாது என்று அண்ணனுக்குத் தடை. தினமும் எண்ணெய் போட்டு நீவினாள். மார்கழியில் உப்பு வறுத்து ஒத்தடம் கொடுக்க ஆரம்பித்தாள்.

"சுடுதாடா?"

"இல்லம்மா."

உப்பை மறுபடி வறுத்து வந்தாள். துணி மூட்டையை அவளால் கையில் பிடிக்க முடியவில்லை, முந்தானையால் பிடித்து வைத்தாள்.

"இப்ப?"

"இல்லம்மா. இன்னும் கொஞ்சம் சூடா வச்சிப் பாரு."

காலையில் இரண்டு விரலும் கொப்புளம் கண்டு வாழைப்பூ மொட்டு மாதிரி வீங்கியிருந்தன. அப்பாவுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை. விடியுமுன் போய் இருட்டின பிறகு வருவார், பிள்ளைகளைத் தூங்கும்போதுதான் பார்ப்பார். அன்று ஏதோ மோட்டார் ரிப்பேர், வீட்டில் இருந்தார். கொப்புளத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள், தேமல், பள்ளி, சிதம்பரம், எல்லாவற்றையும். அப்பா கத்தவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு "கெளம்பு" என்றார். "கல்யாணம்..." என்று அம்மா இழுத்தாள். "மயிராப் போச்சு கல்யாணம்" என்றார். அப்பா வாயில் கெட்ட வார்த்தை கேட்டது அன்றுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். பெண் வீட்டுக்கு விஷயம் தெரிந்தது. கல்யாணம் நிற்கவில்லை. மாமாவைக் கட்டிக்கொண்டு வந்த அந்த அத்தைதான் அண்ணனுக்குத் தினமும் மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், காய்ந்த கைக்கு எண்ணெய் தடவினாள். யாருக்குத் தெரியக் கூடாது என்று ஆடியிலிருந்து மறைத்தார்களோ, அவள். நோய் போய்விட்டது, அடியோடு போய்விட்டது. நரம்பு போனது போனதுதான்.

அன்று அப்பா, அம்மா, அண்ணன், நான் நான்கு பேரும் சிதம்பரம் போனோம். அந்த மாணவனைத் தேடிப் பிடித்தோம். ஏன் இவ்வளவு நாள் என்று அவன் கேட்கவில்லை, நேரே அவனுடைய சாரிடம் அழைத்துப்போனான். டாக்டர் வயதானவர். அண்ணனை ஸ்டூலில் உட்காரவைத்து, இரண்டு கையையும் மேசைமேல் வைக்கச் சொன்னார்.

"கண்ண மூடிக்கப்பா. பேனாவால தொடுவேன். தொடுறப்ப மட்டும் தொட்டுட்டீங்கன்னு சொல்லணும். புரியுதா?"

அண்ணனுக்கு இது ஒரு ஆட்டம் மாதிரி. இமையை இறுக்கி மூடினான். இடது கையில் தொட்டார், "தொட்டுட்டீங்க" என்றான். வலது கையில் பெருவிரலில் தொட்டார், உடனே சொன்னான். எங்கேயும் தவறவில்லை. அவன் முகத்தில் சிரிப்பு வந்தது.

டாக்டர் சுண்டுவிரலுக்கு வந்தார். தொட்டார். அண்ணன் பேசவில்லை. இன்னொரு இடம். பிறகு மோதிரவிரல், உள்ளங்கை ஓரம், கை நெடுக, படைக்குள். தொட்ட இடத்திலெல்லாம் நீலப் புள்ளி விழுந்தது. பேனாவை வைத்துவிட்டு ஒரு ஊசியை எடுத்து அதன் முனையால் அழுத்தினார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். அந்த மாணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. தலையைச் சாய்த்து, சத்தம் கேட்கிற மாதிரி காத்திருந்தான்.

"தொடுங்க சார்" என்றான். "நான் ரெடி."